கிரவுண்டில் கோச், பள்ளியில் வாத்தியார்: நடுவில் சறுக்குகிற இடங்கள்

காலை ஐந்தரைக்கு மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள், கழுத்தில் விசிலோடு நாலைந்து இளைஞர்களாவது நிற்பார்கள். டிகிரி முடித்து, காலேஜ் டீமில் ஆடி, இப்போது ஏரியாப் பிள்ளைகளுக்குக் கபடியோ வாலிபாலோ சொல்லிக்கொடுப்பவர்கள். "அண்ணே, இதை வச்சு ஸ்கூல் வேலைக்குப் போயிரலாம்ல?" என்று கேட்பார்கள். போகலாம். மேலூர்ப் பக்கம் கண்மாய்க்கரையில் கபடி சொல்லிக்கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தவன்தான் நானும்.

முதல் சறுக்கல் சான்றிதழில். என்.ஐ.எஸ். என்கிற தேசிய விளையாட்டு நிறுவனத்தில் படித்து முடித்தால் பி.டி. வாத்தியார் ஆகிவிடலாம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் ஆறு வாரப் படிப்பும் சரி, டிப்ளமோவும் சரி, பயிற்சியாளர் வேலைக்கானவை. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக டிகிரிக்கு மேல் இரண்டு வருடம் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் படிக்க வேண்டும், மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி இயக்குநர் பணிக்கு அதன் முதுநிலையான எம்.பி.எட். கேட்பார்கள். நம் பக்கத்துக்குக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. வேறு எங்கே சேர்ந்தாலும் என்.சி.டி.இ. என்கிற தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கணக்கோ அறிவியலோ படித்து அந்தப் பாடத்துக்கே போக நினைப்பவருக்கு வழி வேறு, பி.எட்., அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு. இன்னொன்று, பி.பி.எட். சேர்க்கையில் நீங்கள் ஆடிய போட்டிகளின் சான்றிதழைக் கேட்பார்கள். பிள்ளைகளின் சான்றிதழை லேமினேட் பண்ணி வைக்கிற கோச், தன்னுடையதை எங்கேயோ தொலைத்திருப்பார்.

தற்காலிக வேலை கிடைத்ததும் கரை சேர்ந்துவிட்டதாக நினைப்பதும் தப்புதான். 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு மாதம் 5,000 ரூபாயில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், உடற்கல்வியும் அதில் உண்டு. நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை வருடம் போராடினார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஆனால் நான் வாங்கிய பெரிய அடி படிப்பில் இல்லை. கிரவுண்டுக்கு வருகிற பிள்ளை ஆசைப்பட்டு வருகிறது, வராதவனை நாம் தேடுவதுமில்லை. பி.டி. பீரியடில் நாற்பது பேர் நிற்பார்கள், அதில் பாதிப் பேருக்கு வியர்த்தாலே பிடிக்காது. என் முதல் வருடத்தில் நன்றாக ஆடுகிற பத்துப் பேரிடம் கவனம் முழுவதையும் கொட்டினேன், மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசினார்கள், குறுவட்டப் போட்டியில் ஜெயித்துவிட்டதால் எனக்கும் அது உறைக்கவில்லை. வருடக் கடைசியில் ஒரு பையன் வந்து, "சார், அடுத்த வருசமும் நான்தான் தண்ணி கேன் தூக்கணுமா?" என்று கேட்டான். அவன் பெயர்கூட எனக்குச் சட்டென்று வரவில்லை.

அதனால் கோச்சாக இருக்கும்போதே ஆடத் தெரியாதவர்களுக்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். இருபது பேரை நான்காகப் பிரித்து, ஒரு குழு மூச்சுப் பிடித்துப் பாட, ஒன்று கால் பிடிக்க, ஒன்று ஓட, ஒன்று புள்ளி எழுத, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிவிடுங்கள். வேலைக்கு எடுப்பதற்கு முன் நடத்திக் காட்டச் சொல்கிற டெமோ கிளாஸில் நீங்கள் எப்படி ரெய்டு போகிறீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை, யாராவது சும்மா நிற்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள்.

அடித்தால்தான் ஆடுவான் என்பது கிரவுண்டில் ஊறிப்போன பழக்கம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. தப்பு செய்தவனைப் பத்து ரவுண்டு ஓடவிடுவதையும் சேர்த்தே விடுங்கள், ஓட்டத்தையே தண்டனையாக்கிவிட்டு அப்புறம் அவன் ஓட மாட்டேன் என்கிறான் என்று புலம்பக் கூடாது. பெண் பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிப்போகும்போது பெண் ஆசிரியரோ தாயாரோ ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். வயதை மாற்றி அண்டர் 14-ல் ஆளை இறக்குகிறவரின் பெயர், நேர்காணலுக்கு அவர் போவதற்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்புறம், ஒரு நோட்டு போடுங்கள். யார் வந்தார், யார் வரவில்லை, ஏன் என்று. நான் அப்படி மூன்று நோட்டோடு நேர்காணலுக்குப் போனேன். தாளாளர் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார். "புளி உலுக்கப் போய்விட்டான், பத்து நாள் வரமாட்டான்" என்று ஒரு பையனுக்கு நேரே எழுதியிருந்தேன். அவன் திரும்பி வந்தானா, அதற்கு நான் என்ன செய்தேன் என்று பத்து நிமிடம் கேட்டார். கபடி பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.