எடோ காலத்து அன்றாட வாழ்க்கைப் படங்கள்: பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) செழித்த, உகியோ-எ எனப்படும் மரக்கட்டை அச்சோவியங்களைப் பார்க்கப் பழகுவோரிடம் ஒரே வகைப் பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஓவியர் பெயரை மாற்றிச் சொல்வது போன்றவை நாளடைவில் தாமே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்தை நேரடிச் சாட்சியாகக் கொள்வது

ஓவியர் குனிசாடா 1857இல் வெளியிட்ட மூன்று தாள் படமொன்று அச்சோவியப் பட்டறையையே காட்டுகிறது. பலகை செதுக்குவது, கருவி தீட்டுவது, தாளுக்குப் பசைநீர் பூசுவது என எல்லா வேலையையும் பெண்களே செய்கிறார்கள். ஆனால் அக்காலப் பட்டறைகளில் உண்மையில் செதுக்கியவர்களும் அச்சிட்டவர்களும் பெரும்பாலும் ஆண்கள். சாமுராய், உழவர், கைவினைஞர், வணிகர் என்னும் நான்கு வகுப்பாரையும் அழகிய பெண்களின் உருவில் காட்டும் வரிசையைச் சேர்ந்தது இப்படம். அழகியரின் படங்கள் நன்றாக விற்பனையாயின.

இதே படத்தைச் சான்றாக வைத்து, அச்சுத்தொழில் பெண்கள் கையில் இருந்ததாக ஒரு கண்காட்சியின் விளக்க அட்டை கூறியது. பின்னர் அந்த வரி மாணவர் கட்டுரைகளிலும் ஏறியதைக் கண்டபோது உண்டான எரிச்சல் எனக்கு இன்னும் தணியவில்லை. ஒருமுறை அச்சேறிய பிழையின்மேல் அடுத்தவர் தம் வாதத்தைக் கட்டிவிடுகிறார், பெயரின்றி உழைத்த செதுக்குநர்கள் மேலும் மறைந்துபோகிறார்கள்.

அதற்காகப் படத்தை ஒதுக்க வேண்டியதில்லை. உளியும் தூரிகையும் தாள் உலர்த்தும் முறையும் பட்டறைக்காரர்கள் நாள்தோறும் கண்டவை. அவை கவனித்துக் குறிக்கத்தக்கவை. ஓவியர் உதாமாரோவின் சமையலறைப் படத்தில் கத்தரிக்காய் சீவுவதும் குழலால் அடுப்பூதுவதும் வாழ்க்கையிலிருந்து வந்தவை; அங்கே வேலை செய்வோர் அனைவரும் பேரழகியராக இருப்பது சந்தைக்காக. யார் செய்கிறார் என்பதை ஐயத்தோடும், எதைக் கொண்டு செய்கிறார் என்பதை உன்னிப்போடும் பாருங்கள்.

மங்கிய நிறத்தை மூல நிறமென்பது

1830ஐ ஒட்டிப் பிரஷ்ய நீலம் பரவுவதற்கு முன், கானாவாழை இனப் பூவிலிருந்து எடுத்த நீலம் மிகுதியாகப் பயன்பட்டது. அது ஒளியில் வெளிறிப் பழுப்பாகும். இன்று மண்ணிறமாகத் தெரியும் ஆறு அன்று நீலமாக இருந்திருக்கலாம். சேகரிப்பாளர்களான ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வழங்கிய படங்கள், காட்சிக்கு வைக்கக்கூடாது என்னும் நிபந்தனையால் நிறம் கெடாமல் இருக்கின்றன. அவற்றின் எண்மப் பிரதிகளோடு ஒப்பிட்ட பிறகே நிறத்தைப் பற்றி எழுதுங்கள்.

ஓவியர் பெயரோடு நின்றுவிடுவது

ஓவியர் ஹிரோஷிகேயின் அச்சோவியங்களில் வானத்து நீலம் மெல்லக் கரைவது, அவர் கையால் அல்ல, தாளுக்குத் தாள் அச்சிடுபவரின் கை செய்த வேலை.

சன்னலுக்கு எதிரே மாட்டுவது

கூடாது.