கையில் கட்டும் கலோரிக் கருவி: வாங்கும்போதும் கட்டிய பிறகும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் கட்டிக்கொள்ளும் எந்தக் கருவியும் கலோரியை அளப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கீழே வரப்போகும் தவறுகளில் பாதி, இது தெரியாததால் வருபவைதான்.

உடல் செலவழிக்கும் ஆற்றலை உண்மையாகவே அளக்க வேண்டுமென்றால் மூச்சை அளக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி, எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். ஒன்றிரண்டு வாரங்களின் மொத்தச் செலவு தெரிய வேண்டுமென்றால், ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் எடை மாறிய அணுக்கள், கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துச் சிறுநீரைப் பரிசோதிப்பார்கள். வாட்சில் இரண்டுக்கும் வழியில்லை. அதில் இருப்பது அசைவை உணரும் ஒரு சென்சார், தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்ச்சி நாடித்துடிப்பை எண்ணும் இன்னொரு சென்சார், அப்புறம் நீங்கள் கொடுத்த வயது, எடை, உயரம், பாலினம். இவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு ஓர் எண்ணைக் காட்டுகிறது. அது ஒரு குத்துமதிப்பு.

குத்துமதிப்பு எவ்வளவு தூரம் பிசகும்? 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 60 பேரைக் கொண்டு ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்துப் பார்த்தார்கள். நாடித்துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே நல்லது சராசரியாக 27 சதவீதம் தவறியது, கடைசியில் வந்தது 93 சதவீதம். அதற்குப் பிறகு சென்சார்கள் முன்னேறியிருக்கின்றன. ஆனால் மூச்சை அளக்காமல் நாடியையும் அசைவையும் வைத்து ஊகிக்கும் முறை அப்படியேதான் இருக்கிறது.

எரித்ததைத் திரும்பச் சாப்பிடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். வாட்ச் காட்டும் எண்ணைக் கையிருப்புப் பணம் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். காலையில் சம்பாதித்தோம், மாலையில் செலவழிக்கலாம் என்று. இந்தக் கணக்கு மூன்று இடங்களில் உதைக்கிறது.

முதலில், ஒரே கலோரியை இரண்டு முறை எண்ணிவிடுகிறோம். 40 வயது, 170 செ.மீ. உயரம், 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். பலரும் பயன்படுத்தும் மிஃப்லின் சூத்திரப்படி, நாள் முழுக்கச் சும்மா படுத்திருந்தாலே அவர் உடல் ஏறத்தாழ 1,570 கலோரி செலவழிக்கும். அவர் 45 நிமிடம் வேகமாக நடக்கிறார். உழைப்பின் கடுமையைச் சொல்ல மெட் என்றோர் அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருந்தால் 1 மெட், அதாவது ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் 1 கலோரி. வேகநடை 4.3 மெட் அளவில் வரும். கணக்குப் போட்டால் அந்த நடைக்கு ஏறத்தாழ 225 கலோரி. ஆனால் அந்த 45 நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் 52 கலோரி போயிருக்கும். நடந்ததால் கூடுதலாகப் போனது 173 தான். சில கருவிகள் 225-ஐக் காட்டும், சில 173-ஐக் காட்டும், சில இரண்டையும் தனித்தனியே காட்டும். உங்கள் கருவி காட்டுவது மொத்தமா, கூடுதலா என்று ஆப்பில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தைக் கூடுதல் என்று நினைத்துச் சாப்பிட்டால், முதல் நாளிலிருந்தே கணக்கு இடிக்கும்.

இரண்டாவதாக, அந்த எண்ணே ஒரு குத்துமதிப்பு. 225-இல் 27 சதவீதம் என்றால் 60 கலோரி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம். எந்தப் பக்கம் என்று உங்களுக்கும் தெரியாது, வாட்சுக்கும் தெரியாது.

மூன்றாவதை நான் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது. உடலே செலவைச் சரிக்கட்டிக்கொள்கிறது. மானிடவியல் ஆய்வாளர் ஹெர்மன் பான்சரும் அவருடன் சேர்ந்தவர்களும் தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் ஆற்றல் செலவை அந்த ஐசோடோப்பு முறையில் அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். தினமும் பல கிலோமீட்டர் நடக்கும் அந்த மக்களின் ஒரு நாள் மொத்தச் செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்த பிறகு, மேலை நாட்டு மக்களுடையதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. உழைப்பு கூடும்போது உடல் வேறு எங்கோ சிக்கனம் பிடிக்கிறது என்பதுதான் இதிலிருந்து பிறந்த கருத்து. எவ்வளவு சிக்கனம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே உடற்பயிற்சியில் 300 போனது என்றால், அன்றைய மொத்தத்தில் முழுதாக 300 கூடியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கருவி கட்டினாலே எடை இறங்கும் என்று நம்புகிறவர்கள் இன்னோர் ஆய்வையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 18 முதல் 35 வயதுக்குள் இருந்த 471 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு பாதிக்கு மட்டும் மேல்கையில் கட்டும் கருவி. முடிவில் கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள், கருவி கட்டியவர்கள் 3.5 கிலோ. கருவி கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. நல்ல ஆலோசனையோடு ஒழுங்காக நடந்துகொண்டிருப்பவருக்கு, கருவி தானாக எதையும் கூட்டிக் கொடுக்காது.

தவறான எடை, தவறான கை

வாங்கிய அன்று அவசரத்தில் விவரங்களை நிரப்புகிறோம், அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை. நான் 80 கிலோ என்று போட்டிருந்தேன். பதினோரு மாதம் கழித்து 72-க்கு வந்திருந்தேன், வாட்சுக்கோ நான் இன்னும் 80 தான். நடையில் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ எடைக்கு நேர்விகிதத்தில் போவதால், அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குக் காட்டிய எண்கள் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தன. எடை இறங்கி நின்றுபோன மாதத்தில் எதனால் நின்றது என்று தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு கிலோ மாறினால் ஆப்பில் மாற்றிவிடுங்கள்.

எந்தக் கையில் கட்டுகிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். எழுதும் கை அதிகம் அசையும். அதைக் கருவி கழித்துக்கொள்ள வேண்டுமானால் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதிகபட்ச நாடித்துடிப்பு என்ற ஒன்றும் உள்ளே இருக்கும். பெரும்பாலும் 220-இலிருந்து வயதைக் கழித்துப் போட்டிருப்பார்கள். 50 வயதுக்காரருக்கு 170. இது கூட்டத்துக்குப் பொருந்தும் சராசரி, தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தாராளமாக மாறும். உங்களுடையது வேறு என்று மருத்துவப் பரிசோதனையில் தெரிந்திருந்தால், அதைக் கையால் மாற்ற வழியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில்தான் எனக்கு அதிகம் கவலை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். நாடியை வைத்து ஊகிக்கும் கருவி, ‘இவர் உழைக்கவே இல்லை’ என்று முடிவுகட்டிவிடும். என் சித்தப்பா அந்த மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரு மணி நேரம் நடந்து, சட்டை நனைந்து வந்து உட்கார்ந்தவர், வாட்ச் காட்டிய சின்ன எண்ணைப் பார்த்துவிட்டு, “இன்னும் வேகமா நடக்கணுமோ?” என்று கேட்டார். “நீங்க நடந்தது நடந்ததுதான் சித்தப்பா, உங்க மாத்திரை அதுக்குத் தெரியாது” என்றேன். அந்த எண்ணை எட்டிப்பிடிக்க அவர் வேகத்தைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மருந்து சாப்பிடுகிறவர்கள் எவ்வளவு வேகம் போகலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதற்கு நேரெதிரும் உண்டு. வெயிலும் காபியும் பதற்றமும் தூக்கமில்லாத இரவும் நாடியை ஏற்றிவிடும், அதற்கேற்ற உழைப்பு நடந்திருக்காது. சில கருவிகள் அதையும் கலோரியாக எழுதிக்கொள்ளும்.

தொளதொளவென்று கட்டுவது

வாட்சைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பச்சையாக மினுக்குகிறதே, அந்த வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் வெளிச்சமும் ஏறி இறங்கும். அதைத்தான் எண்ணுகிறது. தோலுக்கும் சென்சாருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் வெளி வெளிச்சம் புகுந்து கெடுத்துவிடும். ஆகவே மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே தள்ளி, ஆடாமலும் இறுக்காமலும் கட்டுங்கள். உடற்பயிற்சியின்போது இன்னொரு விரல் மேலே ஏற்றி, ஒரு துளை இறுக்கிக்கொள்ளலாம். முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். வியர்வையோடு இறுக்கியே வைத்திருந்தால் தோல் புண்ணாகும். குளிரில் கை விறைத்திருந்தாலும், சென்சாருக்குக் கீழே அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தாலும் எண்ணிக்கை தடுமாறும்.

ஓடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். நிமிடத்துக்கு 170 அடி வைத்து ஓடும்போது, கை ஆடும் தாளத்தையே நாடி என்று எடுத்துக்கொண்டு சில கருவிகள் 170 என்று காட்டும். சோதிப்பது சுலபம். நிறுத்தியவுடன் தாடைக்குக் கீழே கழுத்தோரம் இரண்டு விரலை மெதுவாக வைத்து, 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வாட்ச் சொல்வதற்கும் இதற்கும் இருபது முப்பது வித்தியாசம் இருந்தால், அந்த ஓட்டத்தின் கலோரியை மறந்துவிடலாம். அடிக்கடி இப்படி ஆனால் மார்பில் கட்டும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அது இதயத்தின் மின்துடிப்பையே பிடிப்பதால் இந்தக் குழப்பம் வராது.

டிரெட்மில்லில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை அசையாது, அடிகளே பாதி எண்ணப்படாமல் போகும். எடை தூக்கும்போது மணிக்கட்டு மடங்கி, பிடி இறுகி, வாசிப்பு கெடும். அதோடு அந்தப் பயிற்சியில் நாடிக்கும் ஆக்சிஜன் செலவுக்கும் உள்ள உறவும் நடையில் இருப்பது போல் இருக்காது. எடைப் பயிற்சிக்கு எத்தனை கிலோ, எத்தனை முறை என்று குறித்து வைப்பதே உருப்படியான பதிவு. சைக்கிளில் மிதிக்கும் விசையை அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் அதை நம்புங்கள். கையில் கட்டும் எதையும்விட அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

வாங்கும்போது

சென்சார்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவதுதான் இங்கே பெரிய தவறு. நீங்கள் என்ன செய்கிறவர் என்று முதலில் பாருங்கள். நீந்துகிறவர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: தண்ணீர் புகாது என்பதற்கு 50 மீட்டர் என்று போட்டிருப்பது அழுத்தச் சோதனையின் அளவு, அவ்வளவு ஆழம் முங்கலாம் என்று அர்த்தமில்லை. மார்புப் பட்டையோடு இணையுமா, கூடுதல் கலோரியைத் தனியாகக் காட்டுமா, மாதச் சந்தா இல்லாமல் எவ்வளவு பார்க்க முடியும், பதிவுகளை வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் கட்டிப் பாருங்கள். தூங்கும்போது உறுத்துகிற கருவி இரண்டு மாதத்தில் மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

நீங்கள் ஓடும் பாதை யாருக்கெல்லாம் தெரியும் என்பதையும் பாருங்கள். 2018 ஜனவரியில், ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில் வீரர்கள் ஓடிய தடங்களை வைத்து ராணுவ முகாம்கள் அடையாளம் தெரிந்துவிட்டன. உங்கள் வீட்டு வாசலும் அப்படித் தெரிய வேண்டியதில்லை.

அந்த எண்ணை எதற்குத்தான் வைத்துக்கொள்வது?

நண்பரின் வாட்சோடு ஒப்பிட வேண்டாம். பழைய வாட்சோடு புதியதையும் ஒப்பிட வேண்டாம், சூத்திரம் வேறு. ஒரே கருவி, ஒரே கை, ஒரே நடை என்று வைத்துக்கொண்டு, இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு பாருங்கள். பிசகு ஓரளவு ஒரே பக்கமாக இருப்பதால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும்.

கொஞ்சம் பொறுமை இருந்தால் கருவியையே உங்களுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம். நான்கு வாரம், தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள், சாப்பிடுவதை முடிந்தவரை ஒளிக்காமல் எழுதுங்கள். வாரச் சராசரி எடை நகரவில்லை என்றால், நீங்கள் சாப்பிட்டதும் செலவழித்ததும் ஒன்றுதான். எழுதி வைத்த சாப்பாடு நாளுக்கு 2,250, வாட்ச் சொல்வது 2,600 என்றால், இடையில் இருக்கும் 350 உங்கள் திருத்தம். இதில் வாட்சின் பிழையும் இருக்கும், நீங்கள் எழுத மறந்த கவளங்களும் இருக்கும். இரண்டையும் சேர்த்தே கழித்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. காய்ச்சலோடு இரவு பதினொன்றுக்கு எழுந்து, அன்றைய இலக்கு முடியவில்லையே என்று அறைக்குள் நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எண் குறைந்த நாளில் சாப்பாட்டைத் தவிர்ப்பவர்களையும் தெரியும். உங்களுக்கு அப்படித் தோன்ற ஆரம்பித்தால், அல்லது உணவோடு பழைய போராட்டம் ஏதாவது இருந்தால், தயவுசெய்து கலோரியை முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பல கருவிகளில் நேரத்தையும் தூரத்தையும் மட்டும் காட்டும்படி வைக்கலாம். அதுவும் உறுத்தினால் சில வாரம் கழற்றி வையுங்கள், ஒரு மருத்துவரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ பேசுங்கள்.