அட்லர் ஓடிக் கடந்த இடுகாடு: உளவியலாளர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

உளவியல் முன்னோடிகளைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. போன மாதம் ஒன்பது வந்தன. அதில் ஆறு ஒரே அச்சு. முதல் பத்தியில் ஒரு குழந்தை அழும், கடைசிப் பத்தியில் அந்த அழுகையே கோட்பாடாகிவிடும். படிக்கப் படிக்க எரிச்சல். அதைவிட அதிகமாகக் கூச்சம். இருபது வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பெயர்ப் பிழை, வருடப் பிழையை எல்லாம் விட்டுவிடுகிறேன். மெய்ப்புப் பார்க்கிறவர் அவற்றைப் பிடித்துவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்புகிறவை சில உண்டு.

அவரே சொன்னார், அதனால் நடந்தது

ஆல்ஃபிரட் அட்லர் 1870இல் வியன்னாவின் புறநகரில் பிறந்தவர். எலும்பை மென்மையாக்கும் ரிக்கெட்ஸ் நோயால் மற்ற பிள்ளைகளைப் போல ஓடியாட முடியவில்லை. தம்பி பக்கத்துப் படுக்கையிலேயே இறந்துபோனான். அதன்பின் நிமோனியா வந்து, பிழைக்கமாட்டான் என்று மருத்துவர் கைவிட்டார். தாழ்வு மனப்பான்மையைப் பற்றியும், குறையை ஈடுகட்டத் துடிக்கும் மனத்தைப் பற்றியும் பின்னாளில் பேசியவருக்கு இதைவிடப் பொருத்தமான இளமை எங்கே கிடைக்கும்?

இதோடு அட்லர் இன்னொன்றும் சொன்னார். பள்ளிக்குப் போகும் வழியில் ஓர் இடுகாடு. கூடவரும் பிள்ளைகள் பேசிச் சிரித்தபடி கடந்துவிடுவார்கள். இவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கும். ஒருநாள் வேண்டுமென்றே பின்தங்கி, புத்தகப் பையை ஓரமாக வைத்துவிட்டு, இடுகாட்டுக்குக் குறுக்கே இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக ஒரு டஜன் தடவை ஓடினாராம். பயம் போய்விட்டதாம்.

இது கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் முதல் புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கினேன். பையைக் கீழே வைத்த சத்தம், காய்ந்த இலை என்று கைக்கு வந்ததையெல்லாம் சேர்த்தேன். புத்தகம் வந்து மூன்று மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடமிருந்து அஞ்சலட்டை. ஒரே வரி: “கதையின் மிச்சத்தையும் படித்திருக்கலாமே.”

மிச்சம் இதுதான். வளர்ந்தபின் பழைய பள்ளித் தோழர் ஒருவரைச் சந்தித்த அட்லர் அந்த இடுகாட்டைப் பற்றிக் கேட்டார். அப்படியொரு இடுகாடே அங்கு இருந்ததில்லை என்றார் தோழர். பயத்தை வெல்ல வேண்டும் என்ற ஏக்கம்தான் இப்படியொரு கதையைக் கட்டிக்கொண்டது என்ற முடிவுக்கு அட்லரே வந்தார். இதை அவர் ஒளிக்கவில்லை, எழுதியே வைத்திருக்கிறார். நான் படித்த சுருக்கம் சுவையான இடத்தோடு நின்றுவிட்டது. நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் தூக்கினேன். அச்சுக் கோத்த செலவு என் உரிமத்தொகையில் பிடிக்கப்பட்டது. அது போகட்டும். தவறு எங்கே என்று எனக்கு உறைக்கவே வெகுநாள் ஆனது. முதல் நினைவுகளைக் கேட்டறிவது அட்லரின் சிகிச்சை முறையிலேயே உண்டு. ஆனால் அந்த நினைவு உண்மையாக நடந்ததா என்பது அவருக்கு முக்கியமில்லை. இன்றைக்கு இந்த மனிதர் உலகத்தை எப்படிப் பார்க்கிறார் என்பதை அது காட்டும் என்பதே அவர் வாதம். ஆக அந்த இடுகாடு வளர்ந்த அட்லரைப் பற்றிய சாட்சி. நான் அதைச் சிறுவன் அட்லரைப் பற்றிய சாட்சியாக்கினேன். அவர் கோட்பாட்டை விளக்குவதற்கென்று எழுதிய அத்தியாயத்தில் அந்தக் கோட்பாட்டையே படிக்காமல் விட்டிருந்தேன்!

அட்லர் மட்டுமல்ல. ஜான் பியாஜேவுக்கும் தெளிவான ஒரு குழந்தைப் பருவ நினைவு இருந்தது. பாரிஸின் ஷான்ஸ் எலிஸே சாலையில் தள்ளுவண்டியில் இருந்த அவரை ஒருவன் கடத்தப் பார்த்தான். தாதி மல்லுக்கட்டித் தடுத்தாள். அவள் முகத்தில் கீறல்கள். பியாஜேவுக்குப் பதினைந்து வயதாகும்போது, அதெல்லாம் தான் இட்டுக்கட்டியது என்று அந்தத் தாதி கடிதம் எழுதி, பரிசாக வாங்கிய கடிகாரத்தையும் திருப்பித் தந்தாள். வீட்டார் சொல்லக் கேட்ட கதைதான் கண்ணால் கண்ட காட்சியாக மனத்தில் பதிந்திருந்தது.

அதனால் ஓர் உளவியலாளர் தன் இளமையைப் பற்றிச் சொல்வது கண்ணில் பட்டால் முதலில் பார்க்க வேண்டியது: எந்த வயதில் சொன்னார், கோட்பாட்டுக்கு முன்பா பின்பா? பின்பு என்றால் அவர் கையில் ஏற்கெனவே ஒரு வார்ப்பு இருக்கிறது. நினைவு அதில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வருடத்தைப் பார்க்காமல் காரணம் சொல்வது

வாழ்வில் அர்த்தம் தேடுவதை மையமாக வைத்த விக்டர் ஃபிராங்கலின் அர்த்தச் சிகிச்சை (லோகோதெரபி), ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் பிறந்தது என்று எழுதாத ஆள் இல்லை. அவர் தெரேசியென்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டது 1942இல், ஆஷ்விட்ஸுக்கு 1944இல். அங்கே போகும்போது அந்தக் கோட்பாட்டின் கையெழுத்துப் பிரதி அவர் கோட்டுக்குள் தைத்து வைக்கப்பட்டிருந்தது. அதைத்தான் முகாமில் பறிகொடுத்தார். முகாம் அந்தக் கோட்பாட்டைச் சோதித்தது என்று எழுதுங்கள், பெற்றெடுத்தது என்று எழுதாதீர்கள்.

ஸ்கின்னரின் மகள்

பெட்டியில் அடைத்து வளர்த்தார், மகள் பைத்தியமாகித் தற்கொலை செய்துகொண்டாள். இது பொய். 1944இல் பிறந்த டெபோராவுக்காக பி. எஃப். ஸ்கின்னர் செய்தது, முன்புறம் கண்ணாடி போட்ட, சூடு சீராக இருக்கும் ஒரு தொட்டில். கனமான போர்வை வேண்டாம், கைகால் தாராளமாக அசையும், அவ்வளவுதான். எலிகளுக்கான பரிசோதனைப் பெட்டியோடு இதைக் குழப்பியது ஊர்வாய். வளர்ந்து ஓவியரான டெபோரா, தான் சோதனை எலி அல்ல என்று 2004இல் தானே எழுத வேண்டியதாயிற்று. உயிரோடு இருக்கிறவரைச் சாகடித்துவிட்டு அடுத்த பத்திக்கு எப்படித்தான் போகிறார்களோ.

இறந்தவருக்கு நோய்ப் பெயர் சூட்டுவது

வேண்டாம்.

ஒத்துவராததை ஒளிப்பது

எரிக் எரிக்சனுக்குத் தன்னைப் பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை தெரியாது. மாற்றாந்தகப்பனின் ஹோம்பர்கர் என்ற பெயரோடு வளர்ந்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டார். அடையாள நெருக்கடியைப் பற்றிப் பேசியவருக்கு இது கச்சிதம். எல்லோரும் எழுதுவார்கள். 1944இல் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த மகன் நீலைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, குழந்தை இறந்துவிட்டது என்று மற்ற பிள்ளைகளிடம் சொன்னதை எழுத மாட்டார்கள். குழந்தை உலகத்தின் மேல் கொள்ளும் நம்பிக்கையை வாழ்க்கையின் முதல் படியாக வைத்தவர் அவர். இந்த இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரிய வேண்டும். அது கஷ்டம்.

ஜான் வாட்சனும் அப்படித்தான். பிள்ளைகளைக் கொஞ்சாதீர்கள், காலையில் கைகுலுக்குங்கள் என்று 1928இல் எழுதியதை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் புத்தகத்தை எழுதும் அளவுக்குத் தனக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை என்று பிறகு அவரே வருந்தியதை யாரும் தொடுவதில்லை.

“விதியின் விளையாட்டு”

இந்தச் சொற்றொடரைக் கண்டால் கோடு போட்டு அடித்துவிடுவேன்.

அப்படியானால் எதை நம்புவது

அன்றன்றைக்கு எழுதியதைத் தேடுங்கள். வில்லியம் ஜேம்ஸ் மனச்சோர்வில் மூழ்கிக் கிடந்த நாட்களில், 1870 ஏப்ரல் 30 அன்று, தன் சுதந்திர விருப்பத்தின் முதல் செயலே அதை நம்புவதுதான் என்று நாட்குறிப்பில் எழுதினார். அப்போது அவர் புகழ்பெற்ற உளவியலாளர் அல்ல. என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற இருபத்தெட்டு வயது ஆள். ஃபிராய்டின் தந்தை 1896 அக்டோபரில் இறந்தார். மறு அக்டோபரில் நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில், தாய்மேல் காதலும் தந்தைமேல் பொறாமையும் தன்னிடமே இருந்ததைக் கண்டதாகச் சொல்கிறார். அந்தக் கடிதத்தின் தேதியை நம்பலாம். அதற்குள் வருகிற குழந்தைப் பருவம் அப்போதும் நினைவுதான்.

போன மாதம் வந்த ஒன்பதில் ஒன்று அட்லரைப் பற்றியது. பை, காய்ந்த இலை, ஒரு டஜன் ஓட்டம், எல்லாம் இருந்தன. ஆதாரம் என்ன என்று அடிக்குறிப்பைப் பார்த்தேன். என் புத்தகத்தின் முதல் பதிப்பு.