டிஸ்சார்ஜ் ஆகும்போது பழைய மாத்திரைப் பையையும் காட்டுங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாளில், ஏற்கெனவே சாப்பிட்டு வந்த மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப்போய், டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து அங்குள்ள மருந்தாளுநரிடம் காட்டுங்கள். "இதில் எதைத் தொடரணும், எதை நிறுத்தணும், எது ரெண்டு தடவை வருது?" என்று கேளுங்கள்.

ஒரே மருந்து பல பெயர்களில் வருவதால்தான் இந்த வேலை. பான் 40, பேன்டோசிட் 40 இரண்டுமே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல்தான். இது இரட்டிப்பானால் பெரும்பாலும் காசுதான் வீண். சர்க்கரை மாத்திரையில் அப்படியில்லை: வீட்டில் அமரில் இருக்கிறது, புதுச் சீட்டில் கிளைகோமெட் ஜிபி இருக்கிறது என்றால், இரண்டிலும் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு உண்டு. சேர்த்துப் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரலாம், அதுவும் சரியாகச் சாப்பிடாத வயதானவர்களுக்கு. மருந்தாளுநர் அட்டையில் இருக்கும் மூலப்பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் பார்ப்பதால் சட்டென்று பிடித்துவிடுவார். நாட்டு மருந்து, கடையில் நீங்களே வாங்கிய வலி மாத்திரை இருந்தால் அதையும் பையில் போடுங்கள்.

பெயர் தெரியாமல் கத்தரித்த துண்டு அட்டைகளுக்கு இது உதவாது. கல்லாவில் இருப்பவரெல்லாம் மருந்தாளுநர் இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். சில சமயம் டாக்டர் தெரிந்தேதான் ஒரே மருந்தை இரண்டு அளவில் தந்திருப்பார். அதனால் இரட்டிப்பு தெரிந்தாலும் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் ஆகியவற்றின் அளவை மாற்றுவதும் அவர் சொல்லித்தான்.