ஆலைச் சங்கு ஓய்ந்த தெருக்களில் நினைவுகளைத் திரட்டுவது எப்படி?

வடசென்னையின் புளியந்தோப்பு, பட்டாளம், பெரம்பூர் பகுதிகளில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையை, அதாவது எல்லோரும் சொல்லும் பின்னி மில்லை, நம்பி மூன்று நான்கு தலைமுறைகள் வாழ்ந்தன. இன்றைய இளைஞர்களில் பலருக்கு அது சண்டைக்காட்சிகள் படமாக்கப்பட்ட பாழடைந்த இடம் என்ற அளவில்தான் தெரியும். அங்கே வேலை பார்த்தவர்களில் மிச்சமிருப்போர் முதுமையில் இருப்பதால், அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்ய விரும்புவோர் தள்ளிப்போடாமல் தொடங்குவது நல்லது.

போவதற்கு முன் ஆலையின் வரலாற்றுச் சட்டகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் தொடங்கப்பட்டு, 1920இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் இங்கேதான் உருவானது, திரு.வி.க. அதில் முன்னின்று உழைத்தார். 1996இல் ஆலை மூடப்பட்டது. இவ்வளவும் கேட்பவருக்குத் தெரிந்திருந்தால், பெரியவர் ஆண்டைச் சொல்லித்தர வேண்டிய சுமையிலிருந்து விடுபட்டுத் தம் கதையைச் சொல்வார்.

"அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு" என்ற பதிலுக்கு மேல் எதுவும் கிடைக்காது. எந்தப் பிரிவில் வேலை, நூற்பா நெசவா, முதலில் பதிலியா (வராதவருக்குப் பதிலாக வேலை பார்ப்பவர்) நிரந்தரமா, நிரந்தரமாக எத்தனை ஆண்டு காத்திருந்தார், முதல் சங்கு ஊதும்போது வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பொருளைத் தொட்டுக் கேட்க வேண்டும். கூடியமட்டும் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குவதற்காகக் குழந்தைகளை எங்கே விரட்டினார்கள், சம்பளத்துக்கு முந்தைய வாரத்தை எப்படிக் கடத்தினார்கள் என்பதை ஆண்கள் பெரும்பாலும் சொல்வதில்லை; என் கணிப்பில், ஒரு பேட்டையின் பொருளாதாரம் அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

ஆண்டுகள் குழம்புவது இயல்பு. அப்போது திருத்த முனையாமல், எல்லோருக்கும் பொதுவான நிகழ்வைத் துணைக்கு அழைக்கலாம். அண்ணா மறைந்தபோது (1969 பிப்ரவரி) வேலைக்குச் சேர்ந்துவிட்டாரா, எம்.ஜி.ஆர். மறைந்தபோது (1987 டிசம்பர்) எந்த வீட்டில் குடியிருந்தார் என்று கேட்டால், காலம் தானாகவே நேராகிவிடும். வீட்டில் பத்திரமாக இருக்கும் ஆலை அடையாள அட்டை, பி.எஃப். சீட்டு, பழைய குடும்ப அட்டை ஆகியவற்றைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அசலை வாங்கிச் செல்லாதீர்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது 1921ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் பற்றிய பேச்சில்தான். அதில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்ப, சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் மோதல் மூண்டு குடிசைகள் எரிந்தன. இன்று பேசுவோர் அதைத் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்டவர்களே. ஒரு தெருவில் தியாகமாக நினைவிருப்பது அடுத்த தெருவில் எரிந்த வீடாக நினைவிருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரு நடுநிலைக் கதை ஆக்கிவிடாமல், இன்ன தெருவில் இன்னவாறு சொல்கிறார்கள் என்று தனித்தனியாக எழுத வேண்டும். பிறகு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அக்கால அரசாணைகளோடு ஒப்பிடலாம். அரசாணையும் ஒரு தரப்பின் குரல்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

வீடுகளைப் பொறுத்தவரை, திண்ணை, முற்றம், கிணறு, பொதுக் கழிப்பறை எங்கே இருந்தன என்று குடியிருந்தவர் கையாலேயே ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். கோணலாக இருந்தாலும் அது பொறியாளர் வரைபடம் சொல்லாததைச் சொல்லும். ஒண்டுக்குடித்தனமாக இருந்திருந்தால், எந்த அறையில் எந்தக் குடும்பம், குழாயடியில் யார் முறை எப்போது என்பதையும் குறியுங்கள். மேலே நிமிர்ந்து பாருங்கள்: தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய 'மெட்ராஸ் டெரஸ்' கூரையாக இருந்தால், இடிப்பதற்குமுன் படமெடுத்துவிடுங்கள். கைமாறிய விவரங்களுக்குப் பதிவுத்துறையின் வில்லங்கச் சான்றிதழ் உதவும். ஆனால் சொத்துத் தகராறு நடக்கும் வீட்டில் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்காதீர்கள்.

கைப்பேசியில் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். எழுதி முடித்ததும் திரும்பப் போய், சொன்னவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் நீக்கச் சொன்ன பகுதியை நீக்கிவிட்டு, ஒரு படியை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.