ஒற்றைக் காலில் ஒரு நடனமணி: 24 செ.மீ. சிறு சிலை செய்யும் முறை

முதல் சிலையிலேயே பலரும் முகத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கண், மூக்கு, உதடு என்று இரண்டு நாள் போகும். தள்ளி வைத்துப் பார்த்தால் பொம்மை ஒன்று நிற்கும், ஆடுகிறவள் இருக்க மாட்டாள். ஒரு சாண் உயரச் சிலையில் ஆட்டம் பிறப்பது உள்ளே எலும்பாக நிற்கும் கம்பியில்தான். கம்பியில் வராத ஆட்டத்தை மேலே எவ்வளவு மண் அப்பினாலும் கொண்டுவர முடியாது. அதனால் இந்தக் குறிப்பில் பாதி கம்பியைப் பற்றியே இருக்கும்.

தேவையானவை

3 மி.மீ. அலுமினியக் கம்பி 70 செ.மீ., 2 மி.மீ. அலுமினியக் கம்பி 35 செ.மீ., அரை மி.மீ. கட்டுக்கம்பி ஒரு சுருள், சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பி ஒன்று. பெயின்ட் அடிக்காத மரப் பலகை, 15 × 15 செ.மீ., 18 மி.மீ. கனம். அலுமினியத் தாள், இரண்டு பகுதியைக் கலந்து பிசையும் எப்பாக்ஸி மாவு, 400 கிராம் பாலிமர் களிமண். கருவிகளாகக் குறடு, ட்ரில், ஒரு ஊசி, சிறு கத்தி, மழுங்கிய மரக்குச்சி போதும்.

ஏன் பாலிமர் களிமண்? தண்ணீர் விட்டுப் பிசையும் மண் காயும்போது சுருங்கும், உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது. அதனால் கை, கணுக்கால் போன்ற மெல்லிய இடங்களெல்லாம் குறுக்காக வெடித்துவிடும். எண்ணெய்க் களிமண் காயவே காயாது. பழகிப் பார்க்க அதுபோல நல்லது வேறில்லை, ஆனால் அச்செடுத்து வார்த்தால்தான் சிலை நிலைக்கும். பாலிமர் மண் ஒரு வகைப் பிளாஸ்டிக் மண். ஓவன் அடுப்பில் வைக்கும்வரை இளக்கமாக இருக்கும், சுட்டபின் பெரிதாகச் சுருங்காது.

எந்தக் கணம்?

ஆடுகிறவரைச் சுமார் 4 மீட்டர் தள்ளி நின்று, இடுப்பு உயரத்தில் கேமராவை வைத்து, ஜூம் செய்து வீடியோ எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் முன்னால் நீட்டிய கை பெருத்தும் பின்கால் சிறுத்தும் தெரியும். அந்த அளவை நம்பிச் செய்த சிலை கோணலாகத்தான் வரும். முன், பின், இரு பக்கம் என்று நான்கு திசையிலும் அதே அசைவு வேண்டும்.

வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக ஓட்டி, அசைவு திசை மாறும் இடத்தில் நிறுத்துங்கள். கால் ஏறி முடித்து இறங்கத் தொடங்குமுன், உடல் திரும்பி முடித்து மறுபக்கம் புரளுமுன் ஒரு சின்ன நிதானம் இருக்கும். அதற்கு முன்னால் நடந்ததும் இனி நடக்கப்போவதும் பார்ப்பவருக்கு அங்கே ஒருசேரத் தெரியும். பாதி வழியில் நிறுத்திய ஃபிரேமைச் சிலையாக்கினால் தடுமாறி விழுபவர் மாதிரி இருக்கும்.

பிறகு வெறும் கட்டுக்கம்பியில் 8 செ.மீ. உயரத்துக்குப் பத்து உருவம் முறுக்குங்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் டார்ச் முன்னால் பிடித்துச் சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். நிழலை மட்டும் பார்த்தே என்ன அசைவு என்று சொல்ல முடிந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். கை மார்போடு ஒட்டி நிழலில் காணாமல் போனால் வேறொன்றைப் பாருங்கள்.

அளவுகள்

தலை 3 செ.மீ., மொத்தம் எட்டுத் தலை உயரம். கால்கள் பிரியும் இடம் சரிபாதியில், அதாவது 12 செ.மீ. முழங்கால் தரையிலிருந்து 6 செ.மீ. பாதம் 3.6 செ.மீ. கை மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை 2.2 செ.மீ. தொடங்குபவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே தலையைப் பெரிதாகவும் பாதத்தைச் சிறிதாகவும் செய்துவிடுகிறார்கள். இந்த அளவுகளைக் காகிதத்தில் வரைந்து பக்கத்தில் வைத்து, மணிக்கொரு தரம் சிலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கம்பிக்கூடு

3 மி.மீ. கம்பியை நடுவில் மடித்து, மடிப்பில் 2 செ.மீ. வளையம் விடுங்கள். அது தலைக்கு. வளையத்துக்குக் கீழே இரண்டு இழையையும் இடுப்புவரை முறுக்கினால் முதுகெலும்பு. இடுப்பில் பிரிந்து இரண்டு கால். 2 மி.மீ. கம்பியைத் தோள் உயரத்தில் முதுகெலும்பைச் சுற்றி இரண்டு பக்கமும் நீட்டினால் கைகள்.

இனி முக்கியமான இடம், ஊன்றிய காலின் கணு. இந்த அளவில் கணுக்கால் 9 மி.மீ.தான் தடிமன். முழு எடையும் அதில்தான் நிற்கிறது, அலுமினியமோ கையால் வளைகிற உலோகம். மண் ஏற ஏற உருவம் மெல்லச் சாயும். நேற்று நிமிர்ந்து நின்றது இன்று காலையில் குனிந்திருக்கும். அதற்குத்தான் போக்ஸ் கம்பி. ஊன்றிய காலின் வளைவுக்கு ஏற்றபடி அதைக் குறடால் முதலில் வளைத்து, இடுப்பிலிருந்து பாதம் தாண்டி 5 செ.மீ. வரை அலுமினியத்தோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் நெருக்கிச் சுற்றுங்கள். சுற்றின்மேல் எப்பாக்ஸி மாவை மெல்லிசாகப் பூசுங்கள். பலகையில் 6 மி.மீ. துளை போட்டு இரண்டு கம்பியையும் உள்ளே விட்டு, அடிப்பக்கம் வெட்டிய பள்ளத்தில் மடித்துப் படியவைத்து, மாவால் அடைத்துவிடுங்கள். ஒரு நாள் இறுகட்டும், அவசரப்பட வேண்டாம்.

பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகாவின் மெழுகு நடனமணிகள் இதற்குப் பெரிய பாடம். கம்பியோடு பாட்டில் கார்க்கும் தூரிகைத் துண்டும் கையில் கிடைத்ததெல்லாம் உள்ளே வைத்துச் செய்தவர் அவர். 1917-ல் அவர் இறந்தபின் பட்டறையில் கிடைத்த சிறு உருவங்களில் ஏராளமானவை உடைந்தும் உதிர்ந்தும் கிடந்தன. அந்தக் கைகள் பிடித்த அசைவு அபாரமானது. உள்ளே இருந்த எலும்புதான் தாங்கவில்லை.

எடை எங்கே விழுகிறது

நூலில் சிறு நட்டு ஒன்றைக் கட்டித் தூக்குக்குண்டாக்குங்கள். கழுத்துக் குழியிலிருந்து தொங்கவிட்டால், அசையாமல் நிற்கும் நிலையில் குண்டு ஊன்றிய பாதத்துக்குமேல் விழ வேண்டும். பாதத்தைத் தாண்டி முன்னால் விழுந்தால் பாயப்போகிறவள். பின்னால் விழுந்தால் சாய்கிறவள். வேண்டுமென்றே செய்தால் இரண்டும் அழகு.

ஒரு காலில் எடை விழும்போது அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், தோள் பெரும்பாலும் கீழே இறங்கும். இடுப்புக்கோடும் தோள்கோடும் இணையாக இருந்தால் உருவம் காவல் நிற்பதுபோல் இருக்கும். இரண்டு கோட்டையும் குச்சியால் குறித்து முன்னிருந்து பாருங்கள். மேலிருந்தும் பாருங்கள், ஏனென்றால் முறுக்கு அங்கிருந்துதான் தெரியும். ஒற்றைக் காலில் நிற்கும் சோழர் கால நடராசர் செப்புத்திருமேனிகளில் பறக்கும் சடையும் ஆடை நுனியும் சுற்றியுள்ள சுடர் வளையமான திருவாசியைத் தொடும். ஆட்டத்தின் வீச்சைக் காட்டும் அதே உறுப்பு உருவத்துக்கும் பிடிமானமாகிறது. உங்கள் சிலையிலும் பறக்கும் தாவணியோ பாவாடை விளிம்போ தரையைத் தொடும்படி அமைந்தால், அதற்குள் ஒரு கம்பியை ஒளித்துவைக்கலாம்.

மண் ஏற்றுதல்

அலுமினியத் தாளைக் கசக்கி, மார்புக்கூட்டுக்கு ஒரு முட்டை, இடுப்புக்கு ஒரு சிறு கட்டி என்று கம்பியில் இறுக்குங்கள். நடுவே வயிறு வெறுமனே இருக்கட்டும், உடல் வளைவதும் முறுகுவதும் அங்கேதான். தாள் உள்ளே இருந்தால் மண் கனம் எங்கும் 6 மி.மீ.க்குள் நிற்கும், சீராக வேகும். கை கால் கம்பிகளிலும் கட்டுக்கம்பியை அரை செ.மீ. இடைவெளியில் சுற்றுங்கள். வழவழப்பான கம்பியில் மண் பிடிக்காமல் உறைபோலச் சுழலும்.

மண்ணைப் பட்டாணி அளவு உருட்டி, தசை ஓடும் திசையில் அழுத்துங்கள். பெரிய உருண்டையை ஒரேயடியாக வைத்தால் உள்ளே காற்று சிக்கும், சுடும்போது அங்கே உப்பும். தொடை, கெண்டைக்கால், முதுகு என்று முழு உருவத்தையும் ஒன்றாக வளருங்கள். ஒரு கையை மட்டும் முடித்துவிட்டால், பிறகு தோளை நகர்த்த மனம் வராது.

விரல்கள் 2 மி.மீ. தடிமன். ஐந்தையும் தனித்தனியாகச் செய்யாதீர்கள். நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டியிருக்க, சுட்டுவிரலும் சுண்டுவிரலும் கட்டைவிரலும் பிரியட்டும். பிரியும் விரலுக்குள் ஒரு துண்டு கட்டுக்கம்பி இருக்க வேண்டும்.

ஆடைக்கு மண்ணை 1.5 மி.மீ. தகடாக உருட்டி, இடுப்பில் ஒட்டித் தொங்கவிடுங்கள். மடிப்பு எல்லாம் துணி இழுபடும் இடத்தில் தொடங்கி விரிந்து போகும். சுழலும்போது பாவாடை உடலுக்குப் பின்தங்கும். உடல் வலப்பக்கம் திரும்பினால் மடிப்புகள் இடப்பக்கம் இழுபட்டுச் சரியும். இதை மாற்றிச் செய்தால் என்ன தப்பு என்று சொல்லத் தெரியாமலே பார்ப்பவர் கண் உறுத்தும்.

தெரிந்த ஒருவரைச் செய்யும்போது

3 செ.மீ. தலையில் ஒரு மி.மீ. என்பது நிஜ முகத்தில் கிட்டத்தட்ட 8 மி.மீ. கண்ணின் முழு அகலமே 4 மி.மீ.தான். ஆகவே சாயல் கண்ணில் வராது. தலைமுடியின் திரள், நெற்றிக்கும் தாடைக்கும் உள்ள விகிதம், கழுத்து தோளில் உட்காரும் விதம், நிற்கும் பழக்கம், இவற்றில்தான் வரும். கேலிச்சித்திரக்காரர் ஹானரே தொமியே 1830-களில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தாரைச் சிறு களிமண் மார்புருவங்களாகப் பிடித்தார். தொங்கும் தாடை, ஏறிய நெற்றி என்று ஒரு முகத்துக்கு ஓரிரு உண்மையைப் பிடித்து அதைத் துணிந்து பெரிதாக்கியிருப்பார். அந்தத் துணிவு சிறு சிலைக்கு வேண்டும்.

கண்ணுக்கு ஒரு வழி. குண்டூசித் தலையால் குழியை 2 மி.மீ. அழுத்துங்கள். மேலே தலைமுடி தடிமனில் மண் இழை ஒன்றை மேலிமையாக ஒட்டி, அதன் கீழ் விளிம்பை ஒட்டாமல் விடுங்கள். அந்த இழை போடும் நிழல்தான் பார்வை. கருவிழியைக் கீறினால் விழித்துப் பார்க்கும் பொம்மையாகிவிடும்.

சுடுதல்

பாக்கெட்டில் போட்டிருக்கும் சூடுதான் கணக்கு. பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும், 6 மி.மீ. கனத்துக்கு 15 முதல் 30 நிமிடம். அடுப்பின் முள்ளை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். சூடு மீறினால் மண் கருகும், அந்தப் புகை நல்லதல்ல. ஜன்னலைத் திறந்துவையுங்கள். பாவாடை விளிம்பு, நீட்டிய கை ஆகியவற்றுக்கு அடியில் கசக்கிய தாளை முட்டுக்கொடுங்கள், சூட்டில் இறுகுமுன் மண் கொஞ்சம் தளரும்.

முடிந்ததும் அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். சூடாக வெளியே எடுத்தால் மயிரிழை விரிசல்கள் விழும், அதிகமாக முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும். விழுந்துவிட்டால் அதே மண்ணைச் சிறிது திணித்து, தேய்த்து, மறுபடி சுடலாம். எத்தனை முறை சுட்டாலும் கெடாது. முட்டுகளை எடுத்த பிறகு தூக்குக்குண்டை இன்னொரு முறை கழுத்துக் குழியிலிருந்து விட்டுப் பாருங்கள். சூட்டில் கணுக்கால் ஒரு மி.மீ. நகர்ந்திருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். பலகைக்கடியில் ஒரு பக்கம் அட்டைத் துண்டு ஒட்டி அதைச் சரிசெய்யலாம்.