ஆற்றங்கரையில் மிதிவண்டி: காவிரிப் படுகைக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாடுகளிலிருந்து தஞ்சைப் பக்கம் வருபவர்கள் பெரும்பாலும் திருச்சி விமான நிலையத்திலேயே ஒரு காரை அமர்த்திக்கொண்டு, குலதெய்வம், பெரிய கோயில், கும்பகோணம் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சாலைகள் ஆறுகளைக் குறுக்கே கடப்பதால், பாலத்தின் மேல் கார் ஓடும் சில நொடிகளில் கண்ணில் படுவதுதான் அவர்கள் அறிந்த காவிரியாக இருக்கிறது. தாத்தா எந்த வாய்க்கால் பாசனத்தில் நிலம் வைத்திருந்தார், அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து எந்த மதகு வழியாக வந்தது என்பதெல்லாம் ஆறு போகும் போக்கிலேயே, அதன் கரைமேலேயே போனால்தான் விளங்கும். அதற்கு மிதிவண்டியைப் போல உகந்த வண்டி வேறில்லை. மேடு பள்ளமில்லாத சமவெளி என்பதால், கப்பிச் சாலையிலும் மண்சாலையிலும் ஓட்டுவதற்கென்று வரும் அகன்ற டயர் கொண்ட கிராவல் சைக்கிள் இருந்தால், நடுத்தர வயதுக்காரரும் ஒரு நாளில் 50 கிலோமீட்டர் ஓட்டலாம்.

நெதர்லாந்திலோ ஜெர்மனியிலோ கால்வாய் ஓரமாக மிதிவண்டிக்கென்றே அமைத்த பாதையில் ஓட்டிப் பழகியவர்கள், இங்கே அப்படி எதுவும் இல்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நாம் ஓட்டப்போவது, ஆற்றைப் பார்வையிடும் பொறியாளரின் ஜீப்புக்காகவும், மதகுகளை ஏற்றி இறக்கும் லஸ்கர்களுக்காகவும், உழவர்களின் டிராக்டருக்காகவும் இருக்கும் கரைப்பாதை. ஓரிடத்தில் தார், அடுத்த ஊர் எல்லையில் கப்பி, அதற்கப்பால் வெறும் மண், சில இடங்களில் புல்லுக்கு நடுவே இரண்டு சக்கரத் தடங்கள் என்று அது மாறிக்கொண்டே போகும். கைபேசி வரைபடம் இரு கரைகளிலும் கோடு காட்டினாலும், இடையில் ஒரு மதகு இடிந்து கிடக்கலாம். எதிரே வருபவரிடம் "கரையிலேயே போகலாமா?" என்று கேளுங்கள், "பைக் போகும்" என்று அவர் சொன்னால் மிதிவண்டியும் போகும். "டிராக்டர்தான் போகும்" என்றால் அடுத்த பாலத்தில் மறுகரைக்கு மாறிவிடுவது நல்லது.

பயணத்தைக் கல்லணையில் தொடங்குவதே முறை. கரிகாலனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த அணையில்தான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. இவற்றில் கல்லணைக் கால்வாயை ஊர்க்காரர்கள் புது ஆறு என்பார்கள். 1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த காலத்தில், அதுவரை ஆற்றுப் பாசனம் எட்டாத தெற்குப் பகுதிகளுக்காக வெட்டப்பட்டதால் வந்த பெயர் அது. வெண்ணாறும் காவிரியும் பாயும் பழைய படுகை பெரும்பாலும் களிமண். புது ஆறு பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண்ணும் செம்புறைக் கல்லுமாக இருக்கும். மிதிவண்டிக்காரருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. செம்மண் மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்து இறுகிவிடும். களிமண்ணோ சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு, வண்டியை உருட்டக்கூட விடாது. ஒரு மார்கழியில் இரவு பெய்த மழையைப் பொருட்படுத்தாமல் வெண்ணாற்றுக் கரையில் இறங்கி, நான்கு கிலோமீட்டர் தூரம் வண்டியைத் தோளில் சுமந்து திரும்பினேன். அன்று புது ஆற்றுப் பக்கம் போயிருந்தால் நன்றாகவே ஓட்டியிருக்கலாம்.

எப்போது வருவது என்பதை முடிவு செய்வது தண்ணீர்தான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28 ஆம் தேதி மூடப்படும். அணையில் போதிய நீர் இல்லாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். ஆறுகள் வறண்டிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் வெயிலைத் தாங்க முடியாது என்பதோடு, தூர்வாரும் பணிக்காகப் பொக்லைன் இயந்திரங்கள் அள்ளிய மண்ணைக் கரைமேலேயே கொட்டி வைத்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் கரைப்பக்கமே போகக் கூடாது. பொங்கலுக்குப் பிந்தைய மூன்று வாரங்களே எல்லாவற்றுக்கும் ஏற்ற காலம். கரை உலர்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், சம்பா அறுவடை தொடங்கியிருக்கும், காலைப் பனியில் பத்து மணி வரை களைப்பில்லாமல் ஓட்டலாம். பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூன் முதல் ஆகஸ்டு வரைதான் வர முடியும் என்ற நிலையில் உள்ளவர்கள், ஜூன் நடுவில் கல்லணை திறக்கும் நாளை விசாரித்துக்கொண்டு வந்தால், மலரும் விதைநெல்லும் தூவித் தண்ணீரை வரவேற்பதைப் பார்க்கலாம். ஆடிப்பெருக்கன்று மட்டும் ஓட்ட வேண்டாம். அன்று கரை முழுவதும் மக்களுக்கு உரியது.

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசுவதால், அந்தப் பருவத்தில் கல்லணையிலிருந்து கிழக்கே வருபவருக்குக் காற்றே பாதி வண்டியைத் தள்ளிவிடும். தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், நீரோட்டத்துக்கு எதிராக மேற்கு நோக்கி ஓட்டுவதே சுகம்.

முதல் நாளுக்கு நான் பரிந்துரைப்பது கல்லணையிலிருந்து தஞ்சாவூர் வரை, சுமார் 40 கிலோமீட்டர். புது ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு பூதலூர் வழியாக வந்தால், அது உங்களைப் பெரிய கோயிலுக்கு அருகிலேயே கொண்டுவந்து சேர்க்கும். இக்கால்வாயின் பல பகுதிகளில் 2021 முதல் கான்கிரீட் போடும் பணி நடந்ததையும், நிலத்தடி நீர் ஊறுவது தடைபடும் என்று உழவர்கள் அதை எதிர்த்ததையும் வழியில் டீக்கடைகளில் கேட்கலாம். இரண்டாம் நாள் வடக்கே திருவையாற்றுக்குப் போகலாம். 13 கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடப்பதால், அந்த ஊருக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பதைக் கால்களே சொல்லிவிடும். ஒவ்வொரு பாலத்திலும் இறங்கி, சிறிது தூரம் கரைமேல் போய்த் திரும்புங்கள். திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் புறப்படலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. தஞ்சையிலிருந்து வடவாற்றின் போக்கில் வடுவூர் ஏரிக்கும், அங்கிருந்து நீடாமங்கலத்துக்கும் போவது அது. 1999 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வடுவூர் ஏரி 2022 இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நாரைகளையும் வாத்துகளையும் அங்கே திரளாகக் காணலாம். நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரியும் இடத்தில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். கடைமடைக்கு எத்தனை நாளில் தண்ணீர் போகும், முறை வைத்து விடும்போது யாருக்கு எப்போது கிடைக்கும் என்பதை அங்கே பணியிலிருக்கும் லஸ்கரைவிடத் தெளிவாக வேறு யாரும் விளக்க முடியாது. நீடாமங்கலம் ரயில் பாதையில் இருந்தாலும், மிதிவண்டியைப் பார்சலாகப் பதிவு செய்துதான் ரயிலில் ஏற்ற முடியும் என்பதாலும், சிறிய நிலையங்களில் ரயில் நிற்கும் நேரம் அதற்குப் போதாது என்பதாலும், தஞ்சாவூர் போன்ற பெரிய நிலையத்திலேயே அந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

கரைப்பாதையில் டயருக்குப் பெரும் பகை நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும். 40 மில்லிமீட்டருக்குக் குறையாத டயரும், டியூப் இல்லாத சக்கரமானால் உள்ளே ஊற்றும் அடைப்புத் திரவமும் கட்டாயம். ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் எதையும் ஒட்டித் தருவார்; ஆனால் நம்மூர்ப் பழைய 28 அங்குல மிதிவண்டியின் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர், உங்கள் 700சி சக்கரத்துக்கோ 622 மில்லிமீட்டர் என்பதால் அந்த டயர் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. இரண்டு டியூப், ஒரு மடக்கு டயர், கைப்பம்பு ஆகியவற்றோடு, மெல்லிய பிரெஸ்டா வால்வைப் பைக் வால்வு அளவுக்கு மாற்றும் சிறிய பித்தளை அடாப்டரையும் எடுத்து வாருங்கள். ஆளில்லாத இடங்களில் ஓட்டுவோர் பிற நாடுகளில் வைத்திருக்கும் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவியை மட்டும் கொண்டு வரவே வேண்டாம். முன் அனுமதியின்றி இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே கைதான பயணிகள் உண்டு. அடிபட்டாலோ பாம்பு கடித்தாலோ 108 ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கே போங்கள்.

அறுவடைக் காலத்தில் கரைமேலும் சாலைமேலும் நெல் காயும். அதன் மேல் சக்கரத்தை ஏற்றக் கூடாது. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அறுத்த வயல் வெறுமையாகக் கிடப்பதாக நினைத்துக் குறுக்கே நடந்துவிடாதீர்கள். அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்து அந்தத் தாள்களுக்கு நடுவே முளைத்துக்கொண்டிருக்கும். படித்துறைகளில் பெண்கள் குளிக்கும் நேரமாகிய காலையில் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். தூரத்திலேயே மணியடித்துவிட்டு, நேரே பார்த்து ஓட்டிப் போய்விடுங்கள். கோயில்களுக்குள் போக ஒரு வேட்டியோ துப்பட்டாவோ பையில் இருக்கட்டும்.

தண்ணீரில் இறங்குவது பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கான்கிரீட் பூசிய கால்வாயின் சரிவு வழுக்கும். நீந்தத் தெரிந்தவரும் பிடிமானமின்றி மேலே ஏற முடியாமல் அடித்துச் செல்லப்படுவார். மதகின் கீழே தண்ணீர் விழும் இடத்தில் மேலே தெரியாத சுழல் இருக்கும். கொள்ளிடத்தில் முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி மணல் அள்ளிய பள்ளமாக இருக்கலாம். குழந்தைகளோடு வருபவர்கள், ஊர்க்காரர்கள் அன்றாடம் குளிக்கும் படித்துறையைத் தவிர வேறெங்கும் அவர்களை இறக்க வேண்டாம்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து திரும்புபவர்களுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அந்நாடுகளின் விமான நிலையங்களில் மிதிவண்டியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் சோதிப்பார்கள் என்பதால், கடைசி நாளில் டயர் பள்ளங்கள், சங்கிலி, பெடல், காலணியின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகே பெட்டியில் கட்ட வேண்டும். உறவினர் வீட்டு வயலில் பம்புசெட்டு ஓடும் நேரம் அதற்கு வசதி. சங்கிலி எண்ணெயும் சோப்பு நீரும் வாய்க்காலில் கலக்காதபடி, வண்டியைக் களத்து மேட்டில் நிறுத்திவைத்து, குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து கழுவுங்கள்.